பிள்ளையார் சுழியும் ஐந்தொகையும்

கேள்வி: உங்கள் இதழில் ஒரு மாதம் பிள்ளையார்பட்டிச் சதுர்த்திச் சிறப்பிதழ், அடுத்த மாதம் மூடநம்பிக்கையைச் சாடித் தலையங்கம். 'மனிதநேயப் பார்வை' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கும்பிடு போடுகிறீர்கள். அது மேல்நாட்டுச் சரக்கு. கடவுளை ஓரங்கட்ட நாத்திகர்கள் கண்டுபிடித்த நாகரிகமான பெயர். அறிவியல், அரசியல், மதம், பண்பாடு, இந்த நான்கிலும் நீங்கள் எந்தப் பக்கம் என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் என் சந்தாவை நிறுத்திக்கொள்கிறேன்.
வாசகர் ஒருவர், தேவகோட்டை

பதில்: ஒரே வரிதானே? பிள்ளையார் சுழி போடுவது அவரவர் விருப்பம், கூட்டல் மட்டும் சரியாக வரவேண்டும். நாங்கள் இந்தப் பக்கம்தான். சந்தா விஷயத்தைக் கடைசியில் பேசுவோம்.

உங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அறையில் பழைய பேரேடு ஏதாவது எடைக்குப் போகாமல் தப்பியிருந்தால் பிரித்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, 'சிவமயம்'. அப்புறம் சாமி பேரில் ஒரு கணக்கு. லாபத்தில் தர்மத்துக்கு மகமை என்று ஒதுக்கியதை அதில் வரவு வைத்திருப்பார்கள். ரங்கூன், பினாங்கு என்று கடை வைத்த இடத்துக்கெல்லாம் முருகனையும் கூட்டிக்கொண்டு போனவர்கள் நம் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ஆனால் ஐந்தொகை எடுக்கிற, அதாவது வரவு செலவைக் கூட்டிச் சரிபார்க்கிற, அன்றைக்கு ஓரணா உதைத்தால், 'முருகன் பார்த்துக்கொள்வான்' என்று கடையை நடத்துகிற எந்த மேலாளும் பேரேட்டை மூடியிருக்க மாட்டார். அடுத்தாளும், பணப்பெட்டியடியில் உட்காரும் பெட்டியடிப் பையனும் விளக்கை வைத்துக்கொண்டு, அந்த ஓரணா அகப்படும்வரை உட்காரவேண்டியதுதான். பக்தி குறைந்த கூட்டமா அது? சாமிக்குத் தனிப் பக்கம் கொடுத்தார்கள், கூட்டலுக்குள் சாமியை இழுக்கவில்லை. மனிதநேயம் என்று நான் எழுதும்போது மனதில் இருப்பது பெரும்பாலும் அந்தப் பெட்டியடிதான்.

மேல்நாட்டுச் சரக்கு என்கிறீர்கள். பர்மாத் தேக்கில் தூண், இத்தாலியச் சலவைக்கல்லில் தரை, சுவரில் பெல்ஜியம் கண்ணாடி என்று எல்லாவற்றையும் கப்பலில் இறக்கிக் கட்டிய முகப்பில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியை எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சொல் வெளியிலிருந்து வந்தது உண்மைதான். 1952-ல் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்டு மனிதநேய அமைப்புகள் கூடி ஒரு சர்வதேச ஒன்றியத்தைத் தொடங்கி, ஒரு பிரகடனமும் வெளியிட்டன. 2022-ல் கிளாஸ்கோவில் அதைப் புதுப்பித்தும் எழுதினார்கள். ஆனால் அந்த ஒன்றியத்தைத் தொடங்கிய அமைப்புகளில் சிந்தனையாளர் எம்.என்.ராயின் இந்திய இயக்கமும் ஒன்று. ஆகவே இங்கிருந்தும் கொஞ்சம் சரக்கு அங்கே போயிருக்கிறது.

இன்னும் பின்னால் போகலாமா? கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மகிபாலன்பட்டி, உங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். அவர் பாட்டின் முதல் வரியைக் கல்யாணப் பத்திரிகையிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் எழுதுகிறோம். கடைசி இரண்டு வரியை யாரும் அச்சடித்து நான் பார்த்ததில்லை. பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்கிறார். அதை அச்சடித்தால் மேடையில் யார் யாருக்கு நாற்காலி என்ற சிக்கல் வந்துவிடும்.

அறிவியலுக்கு வருகிறேன். 2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. வளைய சூரிய கிரகணம் நம் தலைக்கு மேலேயே போனது. காலை 9.30 மணி வாக்கில் காரைக்குடியில் சூரியன் வளையல் மாதிரித் தெரிந்தது. இருந்த இடத்திலிருந்தே இப்படி ஒன்றைப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். எங்கள் தெருவில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். பக்கத்து வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) மட்டும் கூட்டம். பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தியிருந்தார் அந்த வீட்டு ஆச்சி. பிடிமானம் இல்லாமல் நின்றது. கிரகணம் விட்டதும் தானாகச் சாயும் என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இது என்றைக்கு வைத்தாலும் நிற்கும் ஆச்சி" என்று ஆரம்பித்தேன். ஆச்சி என்னைத் தூண் ஓரமாக இழுத்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "அது நிக்கட்டும் தம்பி. மருமகளுக்கு ஏழு மாசம். நேத்து ராத்திரி சாப்பிட்டதுதான், இருட்டுக்குள்ள படுத்துக் கெடக்கா. இப்ப அவளுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா, கூடாதா? அதச் சொல்லுப்பா."

தாராளமாகக் கொடுக்கலாம், ஒன்றும் ஆகாது என்றேன். ஆச்சி உலக்கையை ஒரு தடவை பார்த்தார், அறைக் கதவை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் சமையல்கட்டுக்குப் போய் ஒரு தட்டில் நாலு இட்லியும் ஒரு செம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்போது மணி பத்து பத்து. கிரகணம் விட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, எல்லோரும் உலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவோ கிரகணம் விட்ட பிறகும் அசையாமல் நின்றது. பன்னிரண்டரைக்கு ஒரு பொடியன் பந்தை உருட்டிவிட்டுத்தான் அதைச் சாய்த்தான்.

மறுநாள் எங்கள் வீட்டு உலக்கையைத் தேடி எடுத்தேன். அடியைத் தடவினால் விஷயம் கைக்கே தெரிகிறது. இடித்து இடித்துப் பூண் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது, இரும்பின் கனமும் கீழேதான். நேராக வைத்து, எடை பூணுக்கு உள்ளேயே விழுகிற இடம் பார்த்துக் கையை மெல்ல எடுத்தால் நிற்கும். முதல் இரண்டு தடவை விழுந்தது, அதில் ஒரு தடவை என் கால் விரலில். மூன்றாவது தடவை நின்றது. தண்ணீரும் இல்லை, மஞ்சளும் இல்லை, வானத்தில் கிரகணமும் இல்லை. ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு வேண்டிய பதில் முதல் நாளே கிடைத்துவிட்டது. நான் உலக்கையை ஜெயிக்கப் போயிருந்தேன், ஆச்சி பசியைப் பற்றிக் கேட்டார். பகுத்தறிவுக்காரர்கள் தோற்கிற இடம் பெரும்பாலும் இதுதான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பண்பாடு என்றதும் உங்களுக்குக் கண்டாங்கியும் சீப்புச் சீடையும் ஞாபகம் வரலாம். எனக்குப் புள்ளிக் கணக்கு ஞாபகம் வருகிறது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நகரத்தாரில் கல்யாணமான ஆணின் குடும்பம் ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி பிரிப்பது இந்தக் கணக்கில்தான். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. வரியும் பாதி. அந்த அளவில் அது சலுகை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 'அரை' நோட்டுப் புத்தகத்தை விட்டு இறங்கி வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்தால் என்ன ஆகிறது? சொந்த மகளுக்குத் திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில், கணவனை இழந்த தாய் தூணுக்குப் பின்னால் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே போகிறார். அதே கல்யாணத்தில் மனைவியை இழந்தவர் முகப்பில் நடுநாயகமாக உட்கார்ந்து மொய் எழுதுகிறார். இரண்டு பேரும் அரைதானே, ஒருவருக்கு மட்டும் ஏன் தூண்? இது செட்டியார் வீட்டுக் கதை மட்டும் இல்லை. எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு தூண் இருக்கிறது, அதன் பின்னால் ஒரு தாய் நிற்கிறார். இதை எந்தத் தேவாரம் சொன்னது என்று காட்டுங்கள், அடுத்த இதழில் முழுப்பக்கம் போடுகிறேன்.

கடவுளை ஓரங்கட்டுவது பற்றிச் சொன்னீர்கள். உங்கள் தேவகோட்டைக்குப் பக்கத்தில்தான் கண்டதேவி. யார் வடம் பிடிப்பது, யார் பிடிக்கக்கூடாது என்ற தகராறில் அந்தக் கோயில் தேர் வருஷக்கணக்காக ஓடாமல் கிடந்தது. விவகாரம் நீதிமன்றம்வரை போய், 2024 ஜூனில் போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. அத்தனை வருஷம் தேரை நிலையிலேயே நிறுத்தி வைத்தது நாத்திகர்களா? சாமியை உண்மையில் யார் ஓரங்கட்டினார்கள் என்று கேட்டால் நான் அந்தத் தேர்நிலையைத்தான் காட்டுவேன்.

அரசியலுக்கு நிறைய இடம் ஒதுக்கப்போவதில்லை. 1976-ல் வந்த 42-வது திருத்தம், அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தது. (ஆக, என்னைத் திட்டுவதற்கு முன்னால் சட்டத்தையும் ஒரு தடவை திட்டிவிடுங்கள்.) இருந்தும் 2014 அக்டோபரில் மும்பையில் ஒரு மருத்துவமனை விழாவில் பிரதமர் மோடி, பிள்ளையாரின் யானைத் தலையைக் காட்டி அந்தக் காலத்திலேயே பிளாஸ்டிக் சர்ஜரி இருந்திருக்க வேண்டும் என்று பேசினார். பிள்ளையாரைக் கும்பிடுகிறவருக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. கத்தி பிடிக்கிற டாக்டருக்கும் தேவையில்லை. சரி, எதிர்ப்பக்கம் மட்டும் யோக்கியமா? வேட்புமனு வாங்குவது காலை 11 மணியிலிருந்து. வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை. பகுத்தறிவு மேடையில் தொண்டை வற்றப் பேசியவர்களின் கார்கள் 12 அடிக்கிறவரை எந்த மரத்தடியில் நிற்கின்றன என்று அடுத்த தேர்தலில் போய்ப் பாருங்கள்.

மதத்துக்கு எங்களிடம் ஆள் இருக்கிறார்: குன்றக்குடி அடிகளார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய மடாதிபதி, பெரியாருக்கு நண்பர். பெரியார் மடத்துக்கு வந்தபோது வைத்துவிட்ட திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்பது நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கதை. 1982-ல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் மூண்டபோது அடிகளார் அங்கே போய் இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தப் பாடுபட்டார். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அந்த ஆய்வகத்து விஞ்ஞானிகளைப் பிற்காலத்தில் அடிகளார் தன் ஊருக்கு அழைத்துக்கொண்டார், யாகத்தைப் படம் எடுக்க அல்ல. ஊரில் எத்தனை பேருக்கு வேலையில்லை, என்ன சிறுதொழில் வைக்கலாம் என்று பார்த்துத் திட்டம் போட. மலைமேல் முருகனுக்குப் பூஜை பாட்டுக்கு நடந்தது, மலைக்குக் கீழே கணக்கெடுப்பு பாட்டுக்கு நடந்தது. இவரை எந்தப் பக்கத்தில் சேர்ப்பீர்கள்? சொன்னால் நானும் அங்கேயே நின்றுகொள்கிறேன்.

சதுர்த்திச் சிறப்பிதழ் இந்த ஆண்டும் வரும். முக்குறுணி அரிசியில் அவ்வளவு பெரிய கொழுக்கட்டையை உள்ளே மாவு பச்சையாக நிற்காமல் எப்படி வேகவைக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை கேட்டிருக்கிறேன். அதில் பக்தியும் உண்டு, பக்குவமும் உண்டு.

கடைசியாக, சந்தா. நிறுத்தச் சொன்னீர்களே என்று கணக்குப் பிள்ளையிடம் நோட்டை வாங்கிப் பார்த்தேன். உங்கள் சந்தா பங்குனி இதழோடு முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த மூன்று இதழையும் மகமைக் கணக்கில் எழுதியிருக்கிறோம்.