நீளவாக்கில் உள்ள பழைய வீட்டில் வைஃபை பின்கட்டு வரை எட்டவில்லை. ரிப்பீட்டர் வாங்கலாமா? ஆள் கூப்பிடாமல் நானே சரிசெய்ய முடியுமா?

ரிப்பீட்டர், அதாவது வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி, வாங்காதீர்கள். ஒரு லேன் வயரும் பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரும் போதும். அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம்.

கேள்விக்குக் கீழே, "வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான், கடைக்காரர் நாலு ஆன்டெனா வைத்த ரவுட்டரும் ரிப்பீட்டரும் வாங்கச் சொல்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீடும் எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகள் மாதிரி காரைச் சுவர் வீடாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். கான்கிரீட் ஃபிளாட் என்றால் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது.

எங்களுக்குச் செங்கோட்டை. கிழக்கே போனால் தென்காசி, மேற்கே புளியரை தாண்டி மலையேறினால் ஆரியங்காவு, கேரளம். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊரே திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று அந்தப் பக்கத்தோடுதான் இருந்தது. எங்கள் வீட்டுக்காரரின் தாத்தா இந்த வீட்டைக் கட்டியது ராஜா காலத்தில். அகலம் குறைவு, நீளம் இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெரு வரை. முன்னாலிருந்து வரிசையாகத் திண்ணை, தார்சா, பட்டாசல், அரங்கு, இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல். சுவர் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்பும். வெயில் காலத்தில் சுகமோ சுகம். வைஃபைக்கு எமன். அதிலும் சாரல் சீசனில் சுவர் ஈரம் ஏறி நிற்கும்போது இன்னும் மோசம், தண்ணீர் அந்த அலையைக் குடித்துவிடும்.

நான் கேரளாவில் புனலூரில் உள்ள ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு வீட்டிலிருந்தே ஜி.எஸ்.டி. வேலை பார்க்கிறேன். 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதி 3பி என்று இரண்டு ரிட்டர்னுக்குக் கெடு. அந்த இரண்டு தேதியிலும் எனக்கு நெட் நின்றால் அங்கே நாலு கடைக்காரர்களுக்கு அபராதம். உட்காருவது இரண்டாம் கட்டில். ஏன் முன்னால் உட்காரக் கூடாது என்று கேட்பீர்கள். லாரி. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு இரவு பகல் பார்க்காமல் கேரளாவுக்குப் போகிற டாரஸ் லாரிகள். தார்சாவில் உட்கார்ந்து போன் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஹாரன் மட்டும்தான் கேட்கும். ஜன்னல் கம்பியில் காலையில் துடைத்த தூசி மத்தியானம் மறுபடி வந்து உட்காரும். இங்கே மலையை உடைத்து அங்கே கொண்டுபோகிறார்கள், எங்களுக்கு மிச்சம் குழி விழுந்த ரோடு. மனு கொடுத்து அலுத்துவிட்டது. உடனே யாரும் மலையாளிகள்மேல் எனக்கு ஏதோ கோபம் என்று கிளம்ப வேண்டாம், எனக்குச் சோறு போடுவதே புனலூர்தான். லாரியை இந்தப் பக்கம் அனுமதிப்பவர்கள்மேல்தான் கோபம். போன வருஷம் ஒரு லாரி தார்ப்பாயில் மாட்டி எங்கள் தெரு ஃபைபர் கேபிள் மொத்தமும் அறுந்தது. நெட் கம்பெனி மாட்டும் பாக்ஸில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் பெரும்பாலும் இந்த மாதிரி வெளியே எங்கோ கேபிள் கோளாறு என்று அர்த்தம், வீட்டுக்குள் நீங்கள் என்ன தட்டினாலும் பிரயோஜனம் இல்லை. கம்பெனிக்குப் போன் போடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் வாசலில் நின்றே கேட்டது, "சார் இருக்காங்களாக்கா?"

"கொல்லம் போயிருக்காங்க தம்பி."

"அப்போ சார் வந்ததும் ஒரு போன் அடிக்கச் சொல்லுங்க. பாக்ஸ் எங்க வைக்கணும்னு கேட்டுக்கிடுதேன்."

"நானே சொல்லுதேன். இரண்டாம் கட்டுல வை."

"அவ்வளவு தூரம் உள்ள இழுக்க மாட்டோம்கா. முன்னாலதான் வைப்போம். சிக்னல் எல்லாம் சூப்பரா வரும்."

மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போய்விட்டான். எங்கள் அத்தை அவனுக்கு மோர் வேறு கொடுத்தார்கள். கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன், எல்லாக் கம்பெனியிலும் இதே கதைதான் என்று தெருவில் சொல்கிறார்கள். நீங்கள் இனிமேல்தான் கனெக்‌ஷன் வாங்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன்பே பாக்ஸ் வீட்டின் நடுவில் வர வேண்டும் என்று பேசிவிடுங்கள். ஃபைபரை உள்ளே கொண்டுவருவதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றும் கிடையாது, மூலையில் கூர்மையாக மடிக்காமல் வளைத்துக் கொண்டுபோனால் போதும். அவர்களுக்குச் சோம்பல்.

சிக்னல் எப்படி வந்தது? தார்சாவில் பறந்தது. பட்டாசலில் நடந்தது. அரங்குச் சுவரைத் தாண்டவே இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் என்று ஒரு அலைவரிசை இருக்கிறதே, அது வேகம், ஆனால் ஒரு காரைச் சுவருக்கே தலை கவிழ்ந்துவிடும். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், வேகம் குறைவு. நாலு ஆன்டெனா இருந்தாலும் எட்டு இருந்தாலும் இதே சுவர்தான். தவிர, ரவுட்டர் கத்தினால் மட்டும் போதாது, உங்கள் போனின் குரலும் திரும்ப அது வரை எட்ட வேண்டும். போனில் ஆன்டெனா அதேதானே.

எங்கள் கொழுந்தனார் எர்ணாகுளத்தில் ஐ.டி.யில் இருக்கிறார். "மதினி, பேசாம மெஷ் வாங்கிருங்க, மூணு பாக்ஸ் செட்டு" என்றார். வீட்டில் அங்கங்கே வைத்து ஒரே வைஃபையாக ஓட்டும் பெட்டிகள், நல்ல பொருள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று பெட்டியும் வயர் இல்லாமல் பேசிக்கொள்வதும் இதே சுவர் வழியாகத்தானே. வயர் இழுத்துத்தான் மெஷ் வைக்க வேண்டும் என்றால் வயரே போதுமே என்றேன். "அதுவும் சரிதான்" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ரிப்பீட்டருக்கும் அதே கதி, கூடவே இன்னொரு நோய். மலிவான ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் ஒரு வாய் கேட்டு மறுவாய் சொல்ல வேண்டும், அதனால் வேகம் பாதியாகும். வாடகை வீடு, ஆணியே அடிக்கக் கூடாது என்றால் மட்டும் ரிப்பீட்டர். அப்போதும் சிக்னல் செத்த இடத்தில் வைக்காதீர்கள், பாதி வழியில் வையுங்கள்.

நான் செய்தது இது. தென்காசியில் கேட்-6 என்ற லேன் வயர் மீட்டர் கணக்கில் வாங்கினேன். முழுச் செம்பு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் போட்டது ஒன்று உண்டு, விலை குறைவு, சீக்கிரம் ஒடியும். நூறு மீட்டர் வரை இந்த வயர் தாங்கும், அவ்வளவு நீள வீடு யாருக்கும் கிடையாது. சுவரில் ஓட்டை போட அத்தை விடவில்லை. "எங்க மாமா கட்டின சுவர்ல கை வைக்காத" என்றார்கள். சரி என்று நிலைக்கு மேலே இருக்கும் காற்றுப் பொந்து வழியாகவே கொண்டுபோனேன். ஸ்டூலில் ஏறி, கம்பின் நுனியில் வயரைக் கட்டிப் பொந்துக்குள் தள்ளினால் அந்தப் பக்கம் அத்தையே பிடித்து இழுத்தார்கள், குருவிக்கூட்டு வைக்கோல் தலையில் கொட்டியதையும் பொறுத்துக்கொண்டு. கரண்ட் வயரோடு சேர்த்து ஓட்டாமல் ஒரு சாண் தள்ளி உத்திரத்தோரம் கிளிப் அடித்தேன். வயரை இழுத்த பிறகுதான் முனையில் பிளக் மாட்ட வேண்டும், முன்னாலேயே மாட்டினால் பொந்தில் சிக்கும். அதற்கு மட்டும் வயரிங் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன், பிளக்கை நசுக்கி இறுக்கும் கிரிம்பிங் கருவி அவரிடம்தான் இருக்கிறது. இரண்டு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பக்கத்தில் நின்று பாருங்கள், தப்பில்லை.

பழைய ரவுட்டர் என்றேனே, அது டெலிபோன் லைனில் நெட் வந்த காலத்து மோடம். போன் வயர் மாட்டும் ஓட்டையை மறந்துவிடுங்கள். பின்னால் ஊசித் துளை ஒன்று இருக்கும், ஊக்கை விட்டு விளக்கெல்லாம் அணைந்து எரிகிற வரை அழுத்திப் பிடித்தால் பழைய செட்டிங் எல்லாம் போய்விடும். லேப்டாப்பை அதோடு வயரில் சேர்த்து, அடியில் ஸ்டிக்கரில் உள்ள முகவரியைப் பிரவுசரில் அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1. முதல் வேலை, இந்த முகவரியை மாற்றுவது. முன்னால் இருக்கும் பாக்ஸும் பெரும்பாலும் அதே முகவரியில்தான் இருக்கும், இரண்டும் முட்டிக்கொள்ளும். எங்கள் பாக்ஸ் 2 முதல் 200 வரை எண்களைப் பங்கு வைக்கிறது, அதனால் நான் இதற்கு 192.168.1.250 கொடுத்தேன். மாற்றியதும் பக்கம் காணாமல் போகும், பயப்படாமல் புது எண்ணை அடித்து உள்ளே வாருங்கள். அடுத்து வைஃபைக்கு முன்னால் உள்ள பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுங்கள். சேனல் முன்னால் 1 என்றால் பின்னால் 11. 2.4-இல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். கடைசியாக, எண்களைப் பங்கு வைக்கும் டி.ஹெச்.சி.பி.யை இந்தப் பழைய மோடத்தில் அணையுங்கள். இதை விட்டுவிட்டால் வீட்டில் எண் கொடுக்க இரண்டு பேர் இருப்பார்கள், சில போன்களில் வைஃபை சேர்ந்திருக்கும், நெட் மட்டும் ஓடாது. முன்னாலிருந்து வரும் வயரை வேறு நிறத்தில் வான் (WAN) என்று போட்ட ஓட்டை இருந்தால் அதில் மாட்டாதீர்கள், லேன் (LAN) ஓட்டையில் மாட்டுங்கள். ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று பட்டன் உள்ள புது ரவுட்டர் என்றால் இவ்வளவு கூத்தே வேண்டாம், அதை அழுத்தினால் தானே செய்துகொள்ளும்.

அவ்வளவுதான். அத்தை பட்டாசலில் மலையாள சீரியலை ஆரம்பித்து அடுக்களையில் முடிக்கிறார்கள், நடுவில் சக்கரம் சுற்றுவதில்லை. முன்கட்டு வேகம் பின்கட்டில் வராது, மோடம் பழசு. எனக்குப் போதும். இதில் யாராவது வந்து "கிகாபிட் போர்ட் இல்லாத டப்பாவைப் போய்ச் சொல்கிறீர்களே" என்று எழுதுவார்கள். தெரியும் ஐயா. அந்தப் போர்ட்டில் 100 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் போகாது, எங்கள் பிளான் அதற்குள்தான். நான் ரிட்டர்ன் போடுகிறேன், ராக்கெட் விடவில்லை.

எதிர்பாராத லாபம் ஒன்று. பின்கட்டில் செல்போன் டவரும் எடுக்காது, ஆபீசில் கூப்பிட்டால் புறவாசலுக்கு ஓட வேண்டும். போன் செட்டிங்கில் வைஃபை காலிங் என்று இருப்பதைப் போட்டுவிட்டேன், 2019 கடைசியில் நம் நாட்டில் வந்த வசதி. இப்போது அரங்குக்குள் நின்றும் பேச முடிகிறது.

நீங்களும் அம்மாவும் தனியாக இருக்கிறவர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். செட்டிங்கிற்குள் போகும் பாஸ்வேர்டு அட்மின் என்றே இருக்கும், இரண்டு பெட்டியிலும் அதை முதலில் மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டுக்குப் போன் நம்பர் வைக்காதீர்கள், தெருப் பையன்கள் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 இருக்கட்டும், பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனிலேயே சேர்த்துவிடும் டபிள்யூ.பி.எஸ்.ஸை அணைத்துவிடுங்கள். பழைய மோடத்தின் அடாப்டர் தொலைந்திருந்தால் கையில் கிடைத்ததைச் செருக வேண்டாம். சிலது 9 வோல்ட், சிலது 12, பெட்டியின் அடியிலேயே எழுதியிருக்கும். வயரை அளந்ததற்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் கூட வாங்குங்கள், நிலைக்கு மேலே ஏறி இறங்குவதிலேயே அது போய்விடும். மாட்டும்போது எந்த இடத்திலாவது நின்றால் மோடத்தின் மாடல் பெயரைக் கமெண்டில் போடுங்கள், 20ஆம் தேதி கழித்துப் பார்த்துச் சொல்கிறேன்.