பிரிட்டனில் குழந்தைப் பராமரிப்புத் தொகை: 50 பவுண்டில் 2 பவுண்டு எங்கே போகிறது?

பிரிந்துபோன துணை பிள்ளைக்காக வாரம் 50 பவுண்டு தரவேண்டும் என்று முடிவான பிறகும் கையில் 48தான் வருகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வழக்கு 'கலெக்ட் அண்ட் பே' முறையில் இருக்கிறது, அதனால்தான். இந்தத் தொகையைக் கணக்கிடும் அரசு அமைப்பான சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸே பணத்தை வசூலித்துக் கொடுத்தால் இரண்டு பக்கமும் கட்டணம் உண்டு. கொடுப்பவர் 20% கூடுதலாக, அதாவது 60 பவுண்டு கட்டவேண்டும். வாங்குபவரிடம் 4% பிடித்துக்கொள்வார்கள். நடுவில் போவது 12 பவுண்டு. ஒழுங்காகக் கொடுக்காதவரால் பிள்ளையின் பங்கும் குறைகிறது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

'டைரக்ட் பே' என்றால் தொகையை மட்டும் அவர்கள் கணக்கிடுவார்கள், பணம் நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். கட்டணம் கிடையாது. ஆனால் முன்னாள் துணை மிரட்டுபவராக இருந்தால் கட்டணம் மிச்சம் என்று இதற்குப் போகாதீர்கள்.

முன்பிருந்த 20 பவுண்டு விண்ணப்பக் கட்டணத்தை 2024 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். 2025 ஜூனில் அரசு இன்னொரு அறிவிப்பும் செய்தது: டைரக்ட் பே முறையையே நீக்கி, கட்டணத்தை இருவருக்கும் 2% ஆக்குவது, கட்டாமல் இழுத்தடிப்பவருக்கு மட்டும் 20% வைப்பது. இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும்.

இன்னொன்று: கொடுப்பவரின் வருமானம் 25 சதவீதமாவது மாறினால்தான் வருடாந்திர மறுஆய்வுக்கு முன்பே தொகையைத் திருத்துவார்கள்.