தொகுப்பாளராக விரும்பும் மகளைப் பற்றிக் கவலைப்படும் ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மையாருக்கு,

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கவிருக்கும் உங்கள் மகள், தொலைக்காட்சியில் வினாடி வினா நிகழ்ச்சிகளை நடத்தும் தொகுப்பாளராகவே ஆவேன் என்று பிடிவாதமாகச் சொல்வதையும், 'வாயாடுவதெல்லாம் ஒரு தொழிலாகுமா' என்று நீங்கள் கலங்குவதையும் உங்கள் கடிதத்தில் படித்தேன். அது தொழில்தான். ஆனால் வாயாடுபவர்கள் அதில் நெடுநாள் நிலைப்பதில்லை. மகள் நன்றாகப் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் நன்றாகக் கேட்கிறாளா என்பதையே நான் முதலில் அறிய விரும்புகிறேன்.

அமெரிக்காவின் 'ஜெபர்டி' என்ற வினாடி வினா நிகழ்ச்சியை 1984 முதல் 2020-இல் மறையும் வரை நடத்திய அலெக்ஸ் டிரெபெக்கை எடுத்துக்கொள்வோம். அதில் கேள்விகளுக்குப் பதிலாகக் குறிப்புகளை வாசிப்பார்கள், ஓர் ஆட்டத்துக்கு 61 குறிப்புகள் வரை உண்டு. ஒரே நாளில் ஐந்து ஆட்டங்களைப் படமாக்கிவிடுவார்கள். தொகுப்பாளர் ஒரு குறிப்பை முழுவதும் வாசித்து முடித்த பிறகே விடை சொல்லப் போட்டியாளர்கள் அழுத்தும் பொத்தான்கள் இயங்கும். ஆகவே அவர் ஓர் அயல்நாட்டுப் பெயரில் தடுக்கி விழுந்தாலோ, வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாதபடி குரலை இழுத்தாலோ, அந்தத் தடுமாற்றத்தின் விலையைக் கொடுப்பவர் போட்டியாளர். டிரெபெக் படப்பிடிப்பு நாளன்று காலையிலேயே வந்து, அன்றைய குறிப்புகளை எல்லாம் படித்துப் பார்த்து, உச்சரிப்புக்கான அடையாளங்களைத் தாளில் இட்டுக்கொள்வது வழக்கம். திரையில் நாம் கண்ட அந்த நிதானம் இந்த வீட்டுப்பாடத்திலிருந்து வந்தது.

அடுத்தது, மௌனம். 'கௌன் பனேகா கரோர்பதி' போன்ற நிகழ்ச்சியில், கொடுக்கப்பட்ட நான்கு விடைகளுக்கு நடுவே போட்டியாளர் தத்தளிக்கும்போது, அந்த இடைவெளியை உடனே ஒரு நகைச்சுவையால் நிரப்பிவிடத் துடிப்பவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். பார்வையாளர் வீட்டில் அமர்ந்து தானும் விடையைத் தேடுவது அந்த நொடிகளில்தான். 'இதுதான் உங்கள் இறுதி விடையா' என்ற கேள்வி வெறும் நாடகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது விதி: அதற்கு ஆம் என்று சொல்லும்வரை போட்டியாளர் உரக்கச் சிந்திக்கலாம், மனத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்நேரத்தில் புருவத்தையோ உதட்டையோ தொகுப்பாளர் லேசாக அசைத்தாலும் அது விடையைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். அத்துடன், காதில் பொருத்திய கருவி வழியே இயக்குநர் நேரத்தை நினைவூட்டிக்கொண்டே இருப்பார். அதைக் கேட்கும் சாயல் துளியும் இல்லாமல், எதிரே இருப்பவரின் பேச்சில் முழுக் கவனமும் இருப்பதாகத் தெரியவேண்டும்.

நேர்மையைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 'ட்வென்டி ஒன்' என்ற வினாடி வினா நிகழ்ச்சியின் தயாரிப்பாளர்கள் தமக்கு விடைகளை முன்கூட்டியே கொடுத்ததாக அதன் புகழ்பெற்ற போட்டியாளர் சார்லஸ் வான் டோரன் 1959-இல் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே இத்தகைய மோசடி அங்கே சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. நிகழ்ச்சியை நடத்திய ஜாக் பாரிக்குப் பல ஆண்டுகள் தேசியத் தொலைக்காட்சியில் இடமில்லாமல் போயிற்று. கேள்விகளை முன்னரே பார்த்த தொகுப்பாளர் படப்பிடிப்புக்கு முன் போட்டியாளரோடு கலந்து பேசக்கூடாது என்ற கட்டுப்பாடு இத்தகைய நிகழ்ச்சிகளில் இருப்பதில் வியப்பில்லை. எல்லோரோடும் உடனே ஒட்டிக்கொள்ளும் பெண் என்று மகளைப் பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்த விலகல் அவளுக்குச் சற்றுக் கசக்கலாம்.

இனி உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். இதற்கென நேர்வழி கிடையாது, இருக்கைகளும் மிகக் குறைவு. அமெரிக்கத் தொகுப்பாளர் பாப் பார்க்கர், பொருள்களின் விலையைக் கணிக்கும் 'தி பிரைஸ் இஸ் ரைட்' நிகழ்ச்சியை 1972-இல் ஏற்று 2007 வரை, 35 ஆண்டுகள் விட்டுக்கொடுக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் வேறு வாசல்களில் நுழைந்தவர்கள்: டிரெபெக் தத்துவம் படித்துவிட்டுக் கனடாவின் பொது ஒலிபரப்பில் செய்தி வாசித்தார், குடும்பங்கள் மோதும் 'ஃபேமிலி ஃப்யூட்' நிகழ்ச்சியை 2010 முதல் நடத்தும் ஸ்டீவ் ஹார்வி மேடை நகைச்சுவையாளர். ஆகவே மகள் தனக்குப் பிடித்த எந்தப் பட்டப்படிப்பிலும் சேரட்டும். கூடவே வானொலி, செய்தி வாசிப்பு, மேடைத் தொகுப்பு ஆகியவற்றில் பழகட்டும். ஆனால் பலர் எண்ணிப் பார்க்காத ஒரு வாசலையே நான் முதலில் பரிந்துரைப்பேன்: கேள்வி தயாரிக்கும் குழு. ஒரே ஒரு சரியான விடை மட்டுமே பொருந்தும்படி கேள்வி எழுதுவதும், அதைச் சான்றுகளோடு சரிபார்ப்பதும் கடினமான, தனியே ஊதியம் பெறும் வேலை. கேமரா முன் இடம் கிடைக்காவிட்டாலும் அது கைவிடாது. தூர்தர்ஷனில் 'குவிஸ் டைம்' நடத்திய சித்தார்த்த பாசு பிற்காலத்தில் 'கௌன் பனேகா கரோர்பதி'யின் தயாரிப்பாளரானார் என்பதை மகளிடம் சொல்லுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு முன் ஒரு பயிற்சி. அவளே அறுபது கேள்விகள் எழுதி, உறவினர் மூவரை வைத்து ஓர் ஆட்டம் நடத்தி, அதைக் கைப்பேசியில் முழுவதும் பதிவு செய்யட்டும். பிறகு தனியே அமர்ந்து கேட்டு, விடை சொல்பவரின் பேச்சில் தான் எத்தனை முறை குறுக்கிட்டோம் என்று எண்ணி எழுதட்டும். அந்தத் தாளையும் பதிவையும் கொண்டுவாருங்கள். மதிப்பெண் பட்டியலை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.