எக்செல் டெஸ்ட்டுக்குப் பயப்படும் அம்மணிக்கு

அக்கா, உங்கள் வெசனம் புரிகிறது. பி.காம் முடித்த பிள்ளைக்குத் திங்கட்கிழமை திருப்பூர் பனியன் கம்பெனியில் எக்செல் டெஸ்ட். "எதையாச்சும் அழிச்சுப்போடுவேன்னு மவுஸைத் தொடவே பயப்படறாளுங்க" என்றீர்கள். ஆறு மாதக் கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம். ஃபார்முலாவெல்லாம் அம்மணி என் முன்னாலேயே போட்டுக் காட்டினாள். தப்பு வந்தால் திரும்பி வரும் வழிதான் அவளுக்குப் பழகவில்லை. அதற்கு நாலு நாள் போதும்.

மெர்ச்சண்டைசிங், அதாவது ஆர்டர்களைக் கவனிக்கும் வேலைக்குப் பெரும்பாலும் ஒரு ஆர்டர் ஷீட்டைக் கொடுத்துப் பார்ப்பார்கள். 6,000 பீஸை ஸ்மால் முதல் எக்ஸ்எல் வரை 1:2:2:1 என்று பிரிக்கச் சொன்னால் 1,000, 2,000, 2,000, 1,000 என்று போட்டுவிடுவாள். அடுத்து கலர்வாரியாக சார்ட் செய்ய, அதாவது வரிசைப்படுத்தச் சொல்வார்கள். பிள்ளைகள் வழுக்கி விழுவது இங்கேதான். கலர் பத்தியை மட்டும் செலக்ட் செய்தால், பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டால் கலர் பெயர்கள் மட்டும் இடம் மாறும், பீஸ் கணக்கு அங்கேயே நிற்கும். நேவியின் 6,000 மெரூனுக்குப் போய்விடும். கூட்டுத்தொகை மாறாது, அதனால் கண்ணிலும் படாது. கட்டிங் மாஸ்டர் துணியை வெட்டிய பிறகுதான் தெரியும்!

கண்ட உடனே கன்ட்ரோல் இசட், கடைசியாகச் செய்ததைத் திருப்பிவிடும். ஒரு படி கூடுதலாகப் பின்னால் போய்விட்டால் கன்ட்ரோல் ஒய். ஆனால் பின்னால் போன பிறகு ஒரு செல்லில் புதிதாக எதையாவது அடித்தாலும் ஒய் வேலை செய்யாது, முன்னால் போகும் வழி அடைபட்டுவிடும். பதறாமல் கையை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எக்செல்லில் 100 படிகள் வரை பின்னால் போகலாம், சேவ் செய்த பிறகும் போகலாம். ஃபைலை மூடிவிட்டால் முடிந்தது. மேக்ரோ, அதாவது பல படிகளைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு ஓடினாலும் பழைய படிகள் பொதுவாகப் போய்விடும். இரண்டு ஃபைல் திறந்திருந்தால், இங்கே அடிக்கிற கன்ட்ரோல் இசட் அங்கே செய்ததைத் திருப்பிவிடலாம். துணி ஸ்டாக் ஃபைலையும் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

முழு ஷீட்டையே டெலீட் செய்தால் கன்ட்ரோல் இசட் உதவாது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரஃப் என்று நினைத்து பாக்கிங் லிஸ்ட் ஷீட்டை அழித்து, சேவும் செய்துவிட்டேன். அட்டைப்பெட்டி ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து ராத்திரி பத்து மணி வரை மறுபடி ஏற்றினேன். அன்றிலிருந்து, எந்த ஃபைல் கைக்கு வந்தாலும் முதலில் தேதி போட்டு ஒரு காப்பி. டெஸ்ட்டிலும் அம்மணி அதைச் செய்யட்டும், பார்க்கிறவர் கவனிப்பார்.

எஃப் 4-ஐயும் பழக்கிவிடுங்கள். துணி வராத கலருக்கு ஒரு செல்லில் மஞ்சள் பூசிவிட்டு, அடுத்த செல்லில் போய் எஃப் 4 அழுத்தினால் அதே மஞ்சள் விழும். லேப்டாப்பில் எஃப்என் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். ஃபார்முலா அடிக்கும்போது அழுத்தினால் டாலர் குறி போடும், அது வேறு வேலை. உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் இருப்பது எக்செல்லுக்குப் பதிலாக லிப்ரே ஆஃபீஸ் என்றால், செய்ததையே திரும்பச் செய்ய கன்ட்ரோல், ஷிஃப்ட், ஒய் மூன்றும் சேர்த்து.

பின்னாளில் டைப்பிஸ்ட் அரசு வேலைக்கு எழுதுவதாக இருந்தால் மட்டும் சிஓஏ எனும் கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழைப் பற்றி யோசிக்கலாம். பனியன் கம்பெனியில் அதை யாரும் கேட்கமாட்டார்கள்.

டெஸ்ட்டில் தப்பு வந்தால் மறைக்க வேண்டாம். "சார், சார்ட் மாறிப்போச்சுங்க, திருப்பிட்டேன்" என்று சொன்னாலே போதும். பழகிப் பார்க்க மாதிரி ஆர்டர் ஷீட் என்னிடம் இருக்கிறது, நாளைக்குத் தம்பியிடம் பென்டிரைவ் கொடுத்தனுப்புங்கள்.