கட்டைவிரல் தேய்த்த இடம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றியபோது ஒரு ஜில்லெட் ஷேவிங் செட் கிடைத்தது. விலை 600 ரூபாய். அடியில் இருக்கும் குமிழைத் திருகினால் மேலே இரண்டு கதவு திறக்கிற வகை. தலைக்கு அடியில் ‘டி 3’ என்று பொறித்திருக்கிறது. குமிழ் இறுகிக் கிடக்கிறது, உள்ளே வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. கைப்பிடியில் ஒரு பக்கம் முலாம் போய் மஞ்சளாகத் தெரிகிறது. அதற்குக் கீழே வழவழப்பான இடத்தில் மூன்று தமிழ் எழுத்துகளை வெட்டியிருக்கிறார்கள். புளியும் பாத்திரம் தேய்க்கிற பவுடரும் போட்டுத் தேய்த்தேன், மஞ்சள் இன்னும் பெரிதாகிவிட்டது. இங்கே முலாம் போடுகிற ஒருவர் 800 ரூபாய் கேட்கிறார். பஃப் அடித்து, எழுத்தையும் எடுத்துவிட்டு, புதுசு மாதிரி ஆக்கித் தருவாராம். கொடுக்கலாமா? யாரோ பயன்படுத்திய கருவியால் நான் முகம் மழிப்பது சுகாதாரமா? எந்த பிளேடு நல்லது?

க., திருச்சி

அன்புள்ள க.,

கொடுக்காதீர்கள். அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

அப்பாவின் திதி முடிந்த மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. அப்போது அவருடைய ஷேவிங் செட்டை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சுகாதாரத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. வெட்டப்போவது புது பிளேடு, மற்றது உலோகம். கழுவி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கால் மணி நேரம் போட்டு எடுத்தால் போதும். குமிழ் இறுகியதும் பெரிய விஷயமில்லை. உப்புத்தண்ணீரும் சோப்பும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் படிந்து கல்லாகியிருக்கிறது, அவ்வளவுதான். கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவுகிற திரவம் நாலு சொட்டு விட்டு, ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். ஒரு தடவையில் வராவிட்டால் இன்னொரு ராத்திரி. குறடு வைத்துத் திருகாதீர்கள். காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் குமிழ் தானாக ஓடும். கொதிக்க வைப்பது, வினிகரில் ஊறப்போடுவது, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர், மூன்றும் கூடாது.

புளிக்கு வருகிறேன். குத்துவிளக்குக்குப் புளி சரி, அது முழுப் பித்தளை. உங்களிடம் இருப்பது பித்தளை மேல் நிக்கல் பூசியது. அந்தப் பூச்சு தலைமுடியைவிட மெல்லியது. அதன்மேல் புளியும் பவுடரும் போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள். ஒரு நிமிடம் யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா? படித்தவர், பொருளின் மேல் ஆசை இருப்பவர், 600 ரூபாய் கொடுத்து வாங்கியவர். இத்தனையும் இருந்து அவசரம் ஏன்?

அமெரிக்க ஜில்லெட்டில் 1955க்கு ‘ஏ’ என்று எழுத்து போட்டார்கள். அங்கிருந்து எண்ணினால் ‘டி’ 1958. 3 என்பது மூன்றாவது காலாண்டு. அதாவது 1958 ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில் செய்த செட் அது. கதவு திறக்கிற வகையில் அந்த மாடல் 1947இல் வந்தது, சூப்பர் ஸ்பீட் என்று பெயர்.

செய்த நாளைத் தொழிற்சாலை பொறித்துவிட்டது. வைத்திருந்தவர் தன் பங்கை அந்த மூன்று எழுத்தில் வெட்டியிருக்கிறார். செட்டிநாட்டு வீடுகளில் அதை விலாசம் என்பார்கள். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தது. அண்டா, தூக்குவாளி, சீர்ப் பாத்திரம் எல்லாவற்றிலும் வெட்டி வைப்பார்கள். உங்களுடையவர் கடல் கடந்து வந்த ஒரு ஷேவிங் செட்டிலும் வெட்டியிருக்கிறார். எவ்வளவு பிடித்திருந்தால் செய்திருப்பார்! அந்த வீடுகளைப் பிரித்து விற்கும்போது தேக்குத்தூண் ஒரு ஊருக்கும் கதவு இன்னொரு ஊருக்கும் போகிறது. அவருடைய செட் உங்களிடம் வந்திருக்கிறது. அதிலிருந்து அவரை எடுத்துவிட 800 ரூபாய் கொடுக்கப் போகிறீர்களா?

எங்கள் ஊரில் தாத்தா காலத்தில் யாரும் தன் முகத்தைத் தானே மழித்துக்கொண்டதில்லை. வாரம் ஒருமுறை நாவிதர் வருவார். கொல்லைப்புறம் வழியாகத்தான் வரவேண்டும், வேப்பமரத்தடியில் காத்திருக்க வேண்டும். கூலி, அறுப்புக்கு அறுப்பு நெல். அவருடைய அம்மாதான் என் அப்பாவுக்குப் பிரசவம் பார்த்தவர். தாத்தா கழுத்தை நீட்டி அவர் கத்திக்குக் கொடுப்பார். ஒரு செம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுக்க மாட்டார். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறிவிடும்.

1961இல் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து மானாமதுரையில் போட்டார்கள். முதல் சம்பளத்தில் மதுரைக்குப் போய் ஷேவிங் செட் வாங்கினார். வாங்கியாயிற்று, பிடிக்கத் தெரியவில்லை. விடுப்பில் ஊருக்கு வந்தவர் நேராக அந்த நாவிதர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் இப்படி வாங்கிவிட்டால் தனக்கு வேலை குறையும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் சொல்லிக்கொடுத்தார். முதலில் அப்பாவின் கன்னத்தை விரலால் தடவி, “முடி எந்தப் பக்கம் படுத்திருக்கோ அந்தப் பக்கமே இழுங்க தம்பி. அழுத்தாதீங்க, இதோட கனமே போதும்” என்றாராம். கட்டைவிரலைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாராம், அவர் கத்தியைப் பிடிக்கிற மாதிரி. தாத்தா இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. அப்பா அதைப் பொருட்படுத்தவுமில்லை.

அதன்பின் 43 வருடம் அப்பா அப்படியேதான் பிடித்தார். தினமும் ஆறு மணிக்கு, கிணற்றடியில், ஒரு அலுமினியக் கிண்ணத்தில் வெந்நீரோடு. பிளேடு மழுங்கினால் கண்ணாடி டம்ளரின் உள்பக்கத்தில் விரலால் அழுத்தித் தீட்டி இன்னும் நாலு நாள் ஓட்டுவார். முடிந்ததும் படிகாரக்கல்லை நனைத்து ஒரு தடவு. பிளேடுகள் வந்தன, போயின. ஜில்லெட் கம்பெனியை ஆரம்பித்த கிங் ஜில்லெட் 1904இல் காப்புரிமை வாங்கியதும் எறிந்துவிடுகிற பிளேடுக்காகத்தான். ஆனால் எறியாமல் வைத்துக்கொண்ட பிடியில்தான் கை பழகியது. அப்பாவின் பிடியில் கட்டைவிரல் படுகிற இடத்தில் சொரசொரப்பு முழுக்கத் தேய்ந்து, நிக்கல் போய், புளியங்கொட்டை அளவுக்கு மஞ்சள் தெரிந்தது.

2004இல் அப்பா போனார். அடுத்த மாதமே, அவர் நினைவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதை ஒரு முலாம் கடையில் கொடுத்தேன். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தேன். ஒரு வாரத்தில் பளபளவென்று வந்தது. வாங்கியதும் என் கட்டைவிரல் அந்த இடத்தைத் தேடியது. அது இல்லை. பஃப் சக்கரத்தில் பிடித்து முழுக்கச் சமன்செய்து, மேலே புது நிக்கல் ஏற்றிவிட்டார்கள். நாவிதர் திண்ணையில் அப்பா கற்ற பாடம் அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது.

நஷ்டம் அதோடு நிற்கவில்லை. பிளேடுக்குக் கீழே தோலைத் தாங்குகிற விளிம்பு இருக்கிறதல்லவா, அதற்கும் பிளேடின் கூருக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியை வைத்துத்தான் ஷேவிங் செட்டே வேலை செய்கிறது. சக்கரம் அந்த விளிம்பையும் மழுக்கிவிட்டது. இடைவெளி இரண்டு பக்கமும் இரண்டு விதமாகிவிட்டது. நான் முதல் தடவை மழித்தபோதே மூன்று இடத்தில் வெட்டியது. அதன்பின் அதை எடுக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக இழுப்பறையில்தான் கிடக்கிறது.

புதுசு மாதிரி வேண்டுமென்றால் புதுசே விற்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள். இதை அழுக்கு எடுப்பதோடு நிறுத்துங்கள். மஞ்சள் தெரிகிற இடத்தில் களிம்பு பிடிக்கும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். மழித்து முடித்ததும் துணியால் துடைத்து, கதவைத் திறந்து காயவைத்தால் பிடிக்காது. எழுத்துகளின் இடுக்கில் இருக்கிற அழுக்கைத் தென்னங்குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம். இத்தனை திட்டிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடையில் கொடுப்பதற்கு முன்னால் கேட்கத் தோன்றியதே உங்களுக்கு. எனக்கு அது தோன்றவில்லை.

பிளேடு எது என்று கேட்டிருந்தீர்கள். பெட்டிக்கடையில் கிடைக்கிற இருபக்கக் கூர் பிளேடு எதுவானாலும் பொருந்தும். முதல் நாள் மழிக்கும்போது ஒன்று செய்யுங்கள். நீங்கள் புளி போட்டுப் பெரிதாக்கிய மஞ்சளின் நடுவில் பழைய இடம் லேசாகக் குழிந்து இருக்கும், விரலால் தடவினால் தெரியும். அதில் கட்டைவிரலை வைத்துப் பிடித்துப் பாருங்கள். கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.