முதல் தொகுப்பின் பக்க வடிவம் குறித்து

அன்புள்ள நண்பருக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் வடிவமைப்புக்குக் கொடுத்த உங்கள் முதல் கவிதைத் தொகுப்பில், சொற்களுக்கு நடுவே நீங்கள் விட்டிருந்த வெற்றிடங்கள் மறைந்து வரிகளெல்லாம் இடது ஓரத்தில் ஒட்டி வந்துவிட்டதாகவும், பதிப்பாளர் அப்படியே அச்சிடலாம் என்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது இத்தகைய குளறுபடி நேரக்கூடும் என்பதால், ஒவ்வொரு பக்கமும் எப்படித் தோன்ற வேண்டும் என்று காட்டும் பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். டெம்மி எனப்படும் வழக்கமான நூல் அளவில் நீண்ட வரிகள் மடங்கினால், எழுத்தைச் சிறிதாக்குவதைவிட அந்தக் கவிதைகளை மட்டும் பக்கவாட்டில் திருப்பி அச்சிடுவது மேல். அச்சுக்கு முன் சரிபார்க்கும் மெய்ப்பைத் திரையில் அல்லாமல், நூலின் உண்மை அளவில் தாளில் எடுத்துப் பாருங்கள்.

சொற்களை இப்படிப் பக்கத்தில் இடம்விட்டு வடிவமாக அமைப்பது தமிழ் மரபே அல்ல என்று உங்கள் இலக்கிய வட்டத்து மூத்தவர் கூறியதை நான் ஏற்கவில்லை. தேர் வடிவில் எழுத்துகளை அடுக்கும் ரதபந்தமும் பாம்பு வடிவ நாகபந்தமும் சித்திரகவி என்ற பெயரில் நம்மிடம் நெடுங்காலமாக உள்ளவை. (அவற்றை வெறும் வித்தை என்று ஒதுக்கியவர்களும் உண்டுதான்.) ஆனால் இந்த வடிவம் அந்தக் கவிதைக்குத் தேவைதானா என்ற அவருடைய மற்றொரு கேள்வி நியாயமானது. நீங்கள் இணைத்த கவிதைகளில், 2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளம் பற்றியதில் வரிகள் சிதறுவதற்குக் காரணம் இருக்கிறது. ஜங்ஷன் ரயில் நிலையக் கவிதையில் அதே உத்தி அலங்காரமாகவே நிற்கிறது. அதை நேர்வரிகளில் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் இந்தியாவில் கட்டணமின்றியே வழங்கப்படுகிறது. அதற்கென்று பதிப்பாளர் கேட்கும் தனித் தொகையைக் கொடுக்க வேண்டாம்.