பேக்கேஜ் 14 லட்சம். கைக்கு எவ்வளவு வரும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆண்டுக்கு 6 லட்சம் கைக்கு வரும் வேலையில் இருக்கிறேன். இரண்டு ஆண்டு எம்.பி.ஏ.வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து 20 லட்சம். சேமிப்பு 4 லட்சம் போக, 16 லட்சத்துக்கு 10 சதவீத வட்டியில் கடன் வாங்க வேண்டும். படித்து முடித்தவர்களின் சராசரி பேக்கேஜ் 14 லட்சம் என்கிறார்கள். வேலையை விடலாமா?

பதில்: முதலில், 6-ஐயும் 14-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். 14 என்பது பேக்கேஜ். இலக்கை எட்டினால் மட்டும் வரும் தொகை, ஒரே முறை தரும் சேர்க்கை போனஸ், நிறுவனம் செலுத்தும் ஓய்வூதிய, காப்பீட்டுப் பங்கு எல்லாம் அதற்குள் அடக்கம். இவற்றையும் வரியையும் கழித்தால் கைக்கு 10 லட்சம் வருவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் 6 லட்சமும் அப்படியே நிற்காது. ஆண்டுக்கு 8 சதவீதம் உயர்ந்தால் இரண்டு ஆண்டில் 7 லட்சம். ஆக, படிப்பால் கூடுவது 8 லட்சம் அல்ல, 3 லட்சம்.

இனி கடன். அரையாண்டுக்கு 4 லட்சம் வீதம் நான்கு முறை பணம் விடுவிக்கப்பட்டு, படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத் தவணை தொடங்குகிறது என்றால், அதுவரை ஏறும் தனிவட்டி 2.8 லட்சம். நீங்கள் கட்டத் தொடங்குவது 16 லட்சத்தை அல்ல, 18.8 லட்சத்தை. 10 ஆண்டுக்கு மாதத் தவணை 24,844. ஆண்டுக்கு ஏறக்குறைய 2.98 லட்சம். கூடுதலாக வரும் 3 லட்சம் முதல் ஆண்டில் முழுசாக இதற்கே போய்விடும்.

சம்பளம் உயர உயர இடைவெளி விரியும். தவணை போகக் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் அந்த மிச்சம் ஒரு பள்ளத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டு விட்ட சம்பளம் 12.5 லட்சம், கரைந்த சேமிப்பு 4 லட்சம். வேலையில் இருந்தாலும் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் செலவாகியிருக்கும் 3 லட்சத்தைக் கழித்தால் 13.5 லட்சம். இரண்டு பக்கமும் அதே 8 சதவீத உயர்வு என்றால், இது 10-ஆம் ஆண்டின் கடைசியில்தான் நிரம்பும். அதற்குப் பிறகு தவணையும் இல்லை, ஆண்டுக்கு 6.5 லட்சம் அதிகம் வரும். 25 வயதில் சேருபவருக்கு இது நல்ல கணக்கு. 40 வயதில் சேருபவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

கைக்கு வருவது 10-க்குப் பதில் 9 லட்சமாக இருந்தால்? பத்து ஆண்டு முடிந்தும் அந்த 13.5 லட்சத்தில் ஒரு காசுகூடத் திரும்பியிருக்காது. ஒரே ஒரு லட்சத்தில் கணக்கு தலைகீழாகிறது. அதனால்தான் 'சராசரி' என்ற சொல்லை நம்பி வேலையை விடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறோம். ஐந்து பேருக்கு 8, 9, 10, 11, 42 லட்சம் கிடைத்தால் சராசரி 16. ஐவரில் நால்வர் அதைத் தொடவே இல்லை. நடுவில் நிற்பவருக்குக் கிடைத்தது 10. இந்த நடுமதிப்பைத்தான் கேட்க வேண்டும். கூடவே, சம்பள வரிசையில் கடைசிக் கால் பங்கினர் வாங்கிய சம்பளத்தையும்.

சதவீதத்தையும் எதன்மேல் கணக்கிட்டார்கள் என்று விசாரியுங்கள். '98 சதவீதம் பேருக்கு வேலை' என்பது சேர்ந்தவர்களிலா, வளாகத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர்களிலா? எம்.பி.ஏ. சி.எஸ்.இ.ஏ. (எம்.பி.ஏ. கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளும் வேலை தரும் நிறுவனங்களும் சேர்ந்த பன்னாட்டுக் கூட்டமைப்பு) வகுத்த தரநெறியைப் பின்பற்றும் கல்லூரிகள் படிப்பு முடியும் நாளிலும் மூன்று மாதம் கழித்தும் என இரண்டு நிலவரங்களைத் தனித்தனியே தருகின்றன. உங்கள் அளவு முன் அனுபவத்தோடு, நீங்கள் விரும்பும் துறைக்குப் போனவர்களின் எண்களையும் தனியே கேளுங்கள். தர மறுத்தால் சேராமல் இருப்பதே நல்லது. எழுத்தில் தந்து, நடுமதிப்பே 14 என்றால் துணிந்து சேரலாம். அதற்குக் கீழே என்றால் கட்டணச் சலுகை கேட்டுக் கடனைக் குறைத்த பிறகுதான்.

கேள்வி: 10 ஆண்டுக்குப் பதில் 15 ஆண்டு எடுத்தால் தவணை குறையுமே?

பதில்: மேலே சொன்ன 18.8 லட்சத்துக்கு 20,203 ஆகக் குறையும். மாதம் 4,641 மிச்சம். ஆனால் மொத்தத்தில் 6.55 லட்சம் கூடுதலாகக் கட்டுவீர்கள். முன்கூட்டியே கட்ட அபராதம் இல்லை என்றால் மட்டும் நீண்ட காலத்தை எடுத்து, முடிந்தபோது அதிகம் கட்டுங்கள். அப்படிக் கட்டும்போது 'அசலில் கழித்துக் காலத்தைக் குறைக்கவும்' என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதத் தவணையை முன்பணமாகத் தந்தது போல வரவு வைத்துவிடலாம்.

இதைவிடப் பலன் தருவது, படிக்கும்போதே வட்டியை அவ்வப்போது கட்டுவது. அந்த 2.8 லட்சத்தை அசலில் சேரவிடாமல் தடுத்தால் 10 ஆண்டுத் தவணை 21,144-ல் நிற்கும், பின்னால் 4.44 லட்சம் மிஞ்சும்.

மாறும் வட்டி என்றால் 11 சதவீதத்துக்கும் ஒரு முறை கணக்குப் போடுங்கள்: தவணை 25,897. வட்டி ஏறியும் தவணை மாறவில்லை என்றால் மகிழ வேண்டாம், காலம் நீண்டிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: மகன் கடனில் நானும் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டுமாம். எனக்குப் பாதிப் பொறுப்புதானே?

பதில்: வழக்கமாக அந்தக் கையெழுத்துக்கு முழுப் பொறுப்பு என்றுதான் பொருள்; ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியை வாசித்துவிடுங்கள். அவர் தவணை தவறினால் உங்கள் கடன் வரலாற்றிலும் அது பதியக்கூடும். கடன் தொகைக்குக் குறையாமல் அவர் பெயரில் ஆயுள் காப்பீடு எடுங்கள். முதல் தவணை வருமுன் ஆறு மாதத் தவணைக்கான பணத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள். வேலை கிடைக்கத் தாமதமாகும் மாதங்களில்தான் பெரும்பாலும் தவணை தவறத் தொடங்குகிறது.